அறிந்ததைச் சொல்ல அஞ்சுவது ஏன்?

ஒரு தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ முதலாளி விலை கொடுத்து வாங்கக் கூடியவை பல உண்டு. இடத்தை வாங்கலாம், எந்திரத்தை வாங்கலாம், காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை ஒரு மனிதனின் நேரத்தையும் வாங்கலாம். ஆனால், அந்த மனிதன் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்து வைத்திருக்கின்ற தொழில் நுணுக்கத்தை, பக்கத்தில் நிற்கும் இளைஞனுக்கு அவனாகவே மனம் உவந்து சொல்லிக் கொடுக்கும்படிச் செய்வதற்கு எந்தச் சம்பளப் பட்டியலாலும் இயலுவதில்லை. வற்புறுத்திக் கேட்டால் சிரிப்பான். "இதில் என்ன இருக்கிறது? பார்த்துப் பார்த்து வருவதுதானே!" என்பான். அல்லது பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவான்.

நம் குடும்பங்களில் வேலைக்குப் போகின்றவர் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. கடையில் கணக்கு எழுதுகின்றவர், தோல் மண்டியில் தரம் பிரிக்கின்றவர், பள்ளியில் பாடம் நடத்துகின்றவர், மருத்துவமனையில் செவிலியாக இருக்கின்றவர், கடல் கடந்து சென்று எண்ணெய் நிறுவனத்தில் பணிபுரிகின்றவர் என எவரைக் கேட்டாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "சேர்ந்த புதிதில் எங்களுக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை." அதே மனிதர்கள் பத்தாண்டுகள் கழித்துத் தமக்குக் கீழே வருகின்றவர்களிடம் எப்படி நடந்துகொள்கின்றார்கள் என்று பார்த்தால், கதை பெரும்பாலும் திரும்பவும் அப்படியேதான் நடக்கின்றது.

இதற்கு உலகத்தார் சொல்லுகின்ற காரணம் ஒன்றே ஒன்று. "மனம் இல்லை, கஞ்சத்தனம்" என்பதே அது. நாம் அப்படி எண்ணவில்லை. பொருளை மறைக்கின்றவன் கஞ்சனாக இருக்கலாம். அறிவை மறைக்கின்றவன் பெரும்பாலும் அஞ்சுகின்றவன். அவன் எதற்கு அஞ்சுகின்றான் என்று அறிந்து அதை அகற்றினாலன்றி, அறிவுரையாலும் ஆணையாலும் அவன் வாயைத் திறக்க முடியாது. இதையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வீட்டில் இருந்தே தொடங்குவோம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையின் பாய்களை அறியாதவர் நம்மில் குறைவு. தாமிரபரணிக் கரையோரத்தில் விளைந்த கோரையை அறுத்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கீறி, ஓடுகின்ற நீரில் ஊறவைத்து, பின்னர் தறியில் ஏற்றி நெய்கின்ற அந்தக் கலையை அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன. மணமக்களின் பெயர்களைப் பொறித்து நெய்த திருமணப் பாய்களும் அங்கிருந்து வந்தவைதாம். கோரை எந்த அளவுக்கு ஊறினால் போதும், இழையை எவ்வளவு மெல்லியதாகக் கீறலாம் என்பதையெல்லாம் தாய் மகளுக்கு ஒளித்ததுண்டா? மருமகளுக்கு மறைத்ததுண்டா? இல்லை. ஏனென்றால், மகளின் கை தேறினால் தாயின் கைக்கு ஓய்வு கிடைக்கின்றது. தந்தையின் இடத்தில் மகன் அமர்வது தந்தைக்கு இழப்பு அன்று. அவர் காத்திருந்த நாள் அது. கற்றுக் கொடுத்தவருக்கு முதுமையில் சோறு போடப் போகின்றவரும் கற்றுக்கொண்டவரே.

இதே தந்தை சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்துக்குச் சென்றால் நிலைமை தலைகீழாக மாறிவிடுகின்றது. அங்கே அவர் அருகில் நிற்கும் இளைஞன் அவருடைய மகன் அல்லன். நாளை அவருடைய இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு உட்கார வைக்கப்படக் கூடியவன். வீட்டில் வாரிசு என்று பெயர் பெற்றவன் இங்கே போட்டியாளன் ஆகிவிடுகின்றான். ஆக, மனிதர் மாறவில்லை. அவர் நிற்கின்ற நிலம் மாறிவிட்டது.

இந்த உண்மையை நாம் ஏட்டில் படித்து அறிந்தோம் இல்லை. 1970களின் தொடக்கத்தில், நமக்கு இருபது வயது நிரம்பியிருந்தபோது, சென்னையில் ஓர் அச்சகத்தில் உதவியாளாகச் சேர்ந்தோம். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்து அச்சிட்ட காலம் அது. அங்கே சிலிண்டர் எந்திரத்தை ஓட்டி வந்தவர் ஒரு மூத்தவர். எல்லாரும் அவரை 'மேஸ்திரி' என்று அழைப்பார்கள். அவர் கையில் அச்சாகி வரும் பக்கம் தனி அழகு உடையது. தேய்ந்துபோன பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலந்து கிடக்கும் பக்கத்தில் ஓரிடம் கறுத்தும் ஓரிடம் வெளிறியும் போவது இயல்பு. அவர் ஓட்டினால் அப்படி ஆவதே இல்லை.

அதன் மருமம் 'மேக்ரெடி' என்று அச்சகங்களில் வழங்கிய வேலையில் இருந்தது. முதல் தாளை அச்சிட்டுப் பின்புறம் திருப்பி, எழுத்து எங்கே ஆழமாகப் பதிந்திருக்கின்றது, எங்கே மேலாகப் பதிந்திருக்கின்றது என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மேலாகப் பதிந்த இடத்துக்கு நேராக, உருளையின் மேல் சுற்றியுள்ள தாளில், மிக மெல்லிய தாளைக் கிழித்து ஒட்ட வேண்டும். அழுத்தம் மிகுந்த இடத்தில் வெட்டி எடுக்க வேண்டும். எத்தனை மடிப்பு, எந்த அளவு என்பதை அளவுகோல் சொல்லாது. விரல் நுனிதான் சொல்லும். மேஸ்திரி இந்த வேலையைச் செய்யும்போது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எட்டிப் பார்த்தால், "தம்பி, அந்த மை டப்பாவை எடுத்து வா" என்று அனுப்பிவிடுவார். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் விழுந்து மூன்று வாரம் வரவில்லை. பள்ளிப் பாடநூல் ஒன்று எந்திரத்தில் ஏறியிருந்த சமயம் அது. வேறொருவர் ஓட்டினார், பக்கங்கள் கண்கொண்டு பார்க்க முடியாதபடி வந்தன, தாள் வீணாயிற்று. உரிமையாளர் கொதித்துப் போனார். மேஸ்திரி திரும்பி வந்ததும், "இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்குக்கூடச் சொல்லிக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, இது நியாயமா?" என்று கேட்டார். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை தேநீர்க் கடையில் நம்மிடம் மட்டும் சொன்னார்: "இதற்கு முன்னே இருந்த பிரஸ்ஸில் ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், தம்பி. நல்ல பையன், சீக்கிரம் கற்றுக்கொண்டான். அடுத்த மாதம் எனக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மறுபடியும் அதைச் செய்யமாட்டேன்."

இதைக் கேட்ட பின்பு அவரைக் கஞ்சர் என்று சொல்ல யாருக்கு நா எழும்? நாம் இச்செய்தியை அச்சகத்தின் கணக்கரிடம் சொன்னோம். அவர் பக்குவமான மனிதர். உரிமையாளரின் காதில் உரிய விதத்தில் போட்டார். சில நாட்கள் கழித்து உரிமையாளர் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "மேஸ்திரியிடம் யார் கற்றுக்கொண்டாலும், அவர் விரும்புகின்ற வரை இந்த எந்திரம் அவருடையது. கற்றுக்கொள்கின்றவர்கள் அவருடைய ஆட்கள்" என்று சொன்னார். இரண்டே வாக்கியம். மறுநாள் காலையில் மேஸ்திரி நம்மை அழைத்து, "இந்தப் பக்கம் வந்து நில், தம்பி. அங்கிருந்து பார்த்தால் தெரியாது" என்றார். அந்த அச்சகமும் ஈய எழுத்துகளும் இன்று இல்லை. அந்த இரண்டு வாக்கியங்களின் வலிமையை மட்டும் நாம் மறக்கவில்லை.

சோற்றுக்கு வழியாக இருக்கின்ற இரகசியத்தை மனிதர்கள் எவ்வளவு காலம் காப்பார்கள் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய சேம்பர்லன் என்ற மருத்துவக் குடும்பத்தார், பிரசவத்தில் சிக்கிய குழந்தையை உயிரோடு வெளியே எடுக்க உதவும் இடுக்கி ஒன்றைக் கண்டுபிடித்தனர். அதை அவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளியாருக்குக் காட்டவில்லை. கருவியைப் பெரிய பெட்டியில் மூடி எடுத்துச் சென்றார்கள் என்றும், பிரசவிக்கும் பெண்ணின் கண்களைக் கட்டிவிடுவார்கள் என்றும் சொல்வர். 1670இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அதைப் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் விலை பேசிப் பார்த்ததும் உண்டு. இறுதியில் 1813இல், எசெக்ஸ் பகுதியில் அவர்களுடைய பழைய வீட்டில், தரைப் பலகைக்கு அடியில் அக்கருவிகள் கிடைத்தன. அந்த நூறாண்டில் எத்தனை தாய்மார்கள், எத்தனை சிசுக்கள்! அறிவைப் பூட்டி வைப்பதற்கு விலை கொடுப்பவர்கள் பூட்டியவர்கள் அல்லர், வேறு யாரோதான்.

அப்படியானால், ஆபத்து இல்லை என்று தெரிந்தால் மட்டும் போதுமா? மனிதன் தானாக முன்வந்து சொல்ல வேறு ஏதும் வேண்டாமா? இதற்கு விடை, நம் ஊர்த் தெருமுனைகளிலெல்லாம் பெயரைப் பதித்துவிட்ட ஜெராக்ஸ் நிறுவனத்தின் கதையில் கிடைக்கின்றது.

1980களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆய்வாளர் அமெரிக்காவில், நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளர்களோடு கூடவே சுற்றினார். தாம் கண்டதைப் பின்னர் 1996இல் நூலாக வெளியிட்டார். நிறுவனம் அத்தொழிலாளர்களின் கையில் தடித்த வழிகாட்டி ஏடுகளைக் கொடுத்திருந்தது. 'இது நடந்தால் இதைச் செய். அது நடந்தால் அதைச் செய்' என்று அவற்றில் எழுதியிருக்கும். ஆனால் எந்திரங்கள் அந்த ஏட்டைப் படித்துவிட்டுப் பழுதாகவில்லை! ஒவ்வோர் எந்திரமும் அது இருக்கும் இடத்துக்கும் அதைக் கையாளும் ஆளுக்கும் ஏற்ப ஒவ்வொரு விதமாக முரண்டு பிடித்தது. அப்போது தொழிலாளர்கள் என்ன செய்தார்கள்? காலைச் சிற்றுண்டிக்கும் பகல் உணவுக்கும் ஓரிடத்தில் கூடி, தாங்கள் கண்ட விந்தையான பழுதுகளைக் கதை கதையாகச் சொல்லிக்கொண்டார்கள். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வீண் அரட்டையாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அந்த உணவு மேசைதான் அவர்களுடைய பள்ளிக்கூடம்.

1990களில் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தை நாடு தழுவியதாக ஆக்க முனைந்தார்கள். பிரான்சில் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு 'யுரேகா' என்று பெயர். பழுது பார்ப்பவர் எவரும் தாம் கண்டுபிடித்த உபாயத்தை எழுதி அனுப்பலாம். அதே தொழிலில் தேர்ந்த சக தொழிலாளர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். சரியென்று தேறினால் மட்டும் அது எல்லாருக்கும் போய்ச் சேரும். அக்காலத்தில் பிரான்சில் தொலைபேசி வழியே இயங்கிய மினிடெல் என்ற ஏற்பாட்டின் மூலம் அது தொழிலாளர்களைச் சென்றடைந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கின்றது. ஒவ்வோர் உபாயத்துக்கும் இவ்வளவு பணம் என்று பரிசு வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அது வேண்டாம் என்று தள்ளப்பட்டது. பரிசு வைத்தால் எண்ணிக்கைதான் பெருகும், தரம் போய்விடும், ஒருவன் சொன்னதை மற்றவன் தனது என்று அனுப்புவான் என்பது அச்சம். அதற்குப் பதிலாக எளிய வழி ஒன்றைக் கைக்கொண்டார்கள். உபாயத்தோடு அதைக் கண்டுபிடித்தவரின் பெயரும் கூடவே செல்லும். அவ்வளவுதான். தன் தொழிலை அறிந்த ஆயிரக்கணக்கானவர்கள் தன் பெயரைப் படித்து, "அட, இவன் கெட்டிக்காரன்!" என்று சொல்வார்கள் என்ற ஒரே மகிழ்ச்சிக்காக மனிதர்கள் எழுதினார்கள். பிரேசில் நாட்டில் ஏறக்குறைய 40,000 டாலர் பெறுமான எந்திரம் ஒன்றை மாற்றிக் கொடுக்க இருந்த பொறியாளர், கனடாவின் மாண்ட்ரியால் நகரத்துத் தொழிலாளி ஒருவர் எழுதியிருந்த உபாயத்தைப் பார்த்து, மிக அற்ப விலையுள்ள ஒரு சிறு உறுப்பை மாற்றிப் பழுதைத் தீர்த்த நிகழ்ச்சி பதிவாகி இருக்கின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவருக்காக எழுதி வைத்த அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது தன் பெயருக்குரிய மரியாதை.

பெயருக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு என்றால், பெயரைத் திருடுவதற்கு எவ்வளவு தீமை உண்டு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீழே இருப்பவன் சொன்ன யோசனையை மேலே இருப்பவர் தமது யோசனையாக மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்வதை அலுவலகங்களில் நாம் கண்டிருக்கின்றோம். அப்படி ஒருமுறை நடந்தால் போதும். அந்த அறையில் இருக்கும் பத்துப் பேரும் அன்றோடு வாயை மூடிக்கொள்வார்கள். பறிபோனது ஒருவருடைய யோசனை. அடைபட்டதோ பத்துப் பேருடைய வாய்.

இதுவரை பார்த்தது, தெரிந்ததைச் சொல்லும் அறிவைப் பற்றி. இதனினும் அரியது, தவறியதைச் சொல்லும் அறிவு. "நான் இந்த இடத்தில் தடுமாறினேன், நீயும் தடுமாறிவிடாதே" என்று எச்சரிப்பதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. அதைச் சொல்லுவதற்குத்தான் மனிதன் மிகவும் அஞ்சுகின்றான், சொன்னால் தண்டனை!

1974ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவில் டி.டபிள்யு.ஏ. நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம், வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கி வரும்போது வர்ஜீனியா மாநிலத்து மலை ஒன்றில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் மாண்டனர். இறங்கலாம் என்று தரையிலிருந்து கிடைத்த அனுமதியை விமானி ஒரு விதமாகப் புரிந்துகொண்டார். அனுமதித்தவர் வேறு விதமாக எண்ணியிருந்தார். இதில் நெஞ்சை அறுக்கின்ற செய்தி என்னவென்றால், ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தம் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனமும் தன்னுடைய விமானிகளை எச்சரித்தது. ஆனால் அந்த எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் சுவர்களைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அந்த 92 பேரும் வீடு சேர்ந்திருக்கக் கூடும்.

விபத்துக்குப் பின் 1975இல் அந்நாட்டு வான்போக்குவரத்துத் துறை, "உங்களுடைய தவறுகளை எங்களிடம் சொல்லுங்கள், தண்டிக்கமாட்டோம்" என்று விமானிகளை அழைத்தது. விமானிகள் நம்பவில்லை. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே சென்று குற்றத்தை ஒப்புக்கொள்வது யார்? ஆகவே 1976இல் அந்தப் பொறுப்பு நாசா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாசாவுக்கு விமானியைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. வருகின்ற அறிக்கையிலிருந்து எழுதியவரின் பெயரும் அடையாளமும் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் சொல்லிவிட்டால், வரையறுக்கப்பட்ட சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தண்டனையும் இல்லை. அதன் பின்பு கடிதங்கள் வந்து குவிந்தன. இன்றளவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அறிக்கைகள் சேர்ந்திருக்கின்றன. சொல்கின்ற மனிதர்கள் அதே மனிதர்கள்; கேட்கின்ற காது மாறியது.

யுரேகாவில் பெயர் கூடவே சென்றது. இங்கே பெயர் நீக்கப்பட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். முரண் இல்லை. திறமையைச் சொல்லும்போது மனிதனுக்குப் பெயர் வேண்டும். தவறைச் சொல்லும்போது அவனுக்குத் திரை வேண்டும். இரண்டிலும் காக்கப்படுவது ஒன்றே. அது அவனுடைய மானம்.

இவ்வளவும் இருந்தும் இன்னொன்று இல்லாவிட்டால் காரியம் கைகூடாது. அதுதான் நேரம். "உமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்" என்று ஓய்வு பெறுகின்றவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டுகின்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. எழுதிக் கொடுக்கக் கூடியது எவ்வளவு? ஹாரி காலின்ஸ் என்ற பிரித்தானிய அறிஞர் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு புதுவகை லேசர் கருவியைப் பற்றிய கட்டுரைகள் அறிவியல் ஏடுகளில் வெளியாகியிருந்தன. அவற்றை மட்டும் படித்து அக்கருவியைச் செய்ய முயன்ற ஆய்வுக்கூடம் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை. அதை ஏற்கெனவே செய்தவர்களோடு பேசிப் பழகி, நேரில் சென்று பார்த்தவர்களுக்கே அது கைவந்தது. கற்றறிந்த விஞ்ஞானிகளுக்கே இந்த நிலை என்றால், விரல் நுனியில் இருக்கும் அறிவை மேஸ்திரி எந்த நோட்டில் எழுதுவார்? அருகில் நின்று பார்க்க வேண்டும். செய்து பார்க்க வேண்டும். அவர் திருத்த வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் வேலை சற்று மெதுவாக நடப்பதைப் பொறுத்துக்கொள்ளாத முதலாளி, "கற்றுக் கொடு" என்று வாயால் மட்டும் சொல்கின்றவர்.

மறைப்பவருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2012இல் கனடாவைச் சேர்ந்த கேத்தரின் கானலியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் பணியிடத்தில் அறிவை மறைப்பதில் மூன்று விதங்களைக் கண்டு வகுத்தார்கள். தருகிறேன் என்று சொல்லி இழுத்தடிப்பதும் அரைகுறையாகத் தருவதும் ஒன்று. தெரியாதது போல் நடிப்பது மற்றொன்று. காரணம் காட்டி மறுப்பது மூன்றாவது. கேட்பவர்மேல் நம்பிக்கை இல்லாதபோதே மறைத்தல் மிகுகின்றது என்றும் அவர்கள் கண்டார்கள். 2014இல் ஸ்லோவீனியா நாட்டு ஆய்வாளர் மாதெய் செர்னேயும் அவருடைய கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள். மறைக்கின்றவரிடம் மற்றவர்களும் மறைக்கத் தொடங்குகின்றார்கள். அதனால் முதலில் மறைத்தவருடைய புதுமை காணும் திறனே குன்றிப் போகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. இறைத்த கிணறு ஊறும் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததைத்தான் ஆய்வாளர்கள் எண்களால் எழுதிக் காட்டியிருக்கின்றார்கள். மறைத்து வைத்ததால் தன் இடம் நிலைக்கும் என்று எண்ணுகின்றவர், தன்னைச் சுற்றி மெள்ள மெள்ள எழும்புகின்ற சுவரைக் காண்பதில்லை.

அச்சமே முழுக் காரணம் என்றும் நாம் சொல்லவில்லை. வேலையும் சம்பளமும் பெயரும் காக்கப்பட்ட பின்னரும் செருக்கினால் மறைக்கின்றவர் சிலர் இருக்கத்தான் செய்கின்றார்கள். அதுபோல், சொல்லக் கூடாதவற்றைச் சொல்லாதிருப்பதும் மறைத்தல் ஆகாது. வாடிக்கையாளரின் கணக்கும் நோயாளியின் உடல்நிலையும் நம் கையில் தரப்பட்ட அமானிதங்கள்; அவற்றைக் காப்பது கடமை. ஆனால், ஒரு பில்லை எப்படிச் சரிபார்ப்பது, கோபத்தோடு வருகின்ற வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, குழந்தையின் மெல்லிய நரம்பில் ஊசியை எப்படி ஏற்றுவது என்பவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை நாமும் யாரிடமிருந்தோ பெற்றவை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவரிடமிருந்துகூட ஓரக்கண்ணால் பெற்றவை. பெற்றதைத் தம்மோடு முடித்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

நம் வாசகர்களில் கடையும் ஆலையும் நடத்துகின்றவர்கள் பலர் இருக்கின்றார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்களிடம் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் ஓய்வு பெறும் நாளில் மாலை அணிவித்து, சால்வை போர்த்தி, அவரைப் புகழ்ந்து பேசுகின்றீர்கள். மறுநாள் காலையில் அவர் செய்த வேலையை எப்படிச் செய்வது என்று தெரியாமல் அவருடைய வீட்டுக்கு ஆள் அனுப்புகின்றீர்கள். அதற்குப் பதிலாக, ஓராண்டுக்கு முன்பே ஓர் இளைஞனை அவர் பக்கத்தில் அமர்த்துங்கள். "இவன் கற்றுக்கொள்வதால் உங்கள் சம்பளத்தில் ஒரு காசு குறையாது, உங்கள் நாள் ஒன்று குறையாது" என்று பலர் முன்னிலையில் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை தவறினாலும் அந்தச் செய்தி ஊர் முழுதும் பரவி, உங்களிடம் வேலைக்கு வருகின்ற ஒவ்வொருவரும் முதுகைக் காட்டியே நிற்பார்கள். அந்த இளைஞன் நன்றாக ஒரு வேலையைச் செய்யும்போது, "இன்னாரிடம் கற்றவன்" என்று அவரும் கேட்கும்படிச் சொல்லுங்கள்.

பணியில் இருக்கின்ற நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களுக்குச் சொல்லித் தராத மூத்தவரைப் பற்றி வீட்டில் வந்து குறை சொல்வதற்கு முன்னால், அவருக்கு முன்பு என்ன நேர்ந்தது என்று ஒருநாள் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அவரிடம் கற்றதை அவர் பெயரோடு சொல்லுங்கள். நாளை உங்கள் பக்கத்தில் ஒருவன் வந்து நின்று எட்டிப் பார்க்கும்போது, சற்று விலகி அவனுக்கு இடம் விடுங்கள்.